உப்புக்காற்றில் சீ.ரீ. பராமரிப்பு

சீ.ரீ. (மின்னோட்ட மாற்றி) என்பது கேபிளின் பெரிய மின்னோட்டத்தை மீற்றருக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தருவது. 200/5 சீ.ரீ. என்றால் கேபிளில் 200 அம்பியர் ஓடும்போது மீற்றருக்கு 5 அம்பியர் வரும். மீற்றர் வயரைக் கழற்றினாலும் கேபிளில் ஓடுவது நிற்காது. மீற்றருக்குப் போகும் துணைச் சுருளில் எதிர்த்து நிற்க மின்னோட்டம் இல்லாததால், கேபிளின் மின்னோட்டம் முழுவதும் சீ.ரீ.யின் இரும்புக் கோரைக் காந்தமாக்கப் போய்விடும். திறந்த முனைகளில் நூற்றுக்கணக்கில், பெரிய சீ.ரீ.களில் ஆயிரக்கணக்கில் வோல்ற் எழும். ஆளை அடிக்கும், காப்பை உடைக்கும். தப்பினாலும் மிச்சக் காந்தத்தால் அளவு பிசகலாம்.

லோட் ஓடும்போது அந்த வயரைத் தெரிந்தவர் எவரும் கழற்றமாட்டார். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளில், ஐஸ் ஆலைகளில் அந்த வேலையை உப்பு செய்துவிடுகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் பனலுக்குள் ஈரம் இறங்கி, வயர் முனையில் உள்ள லக்கின் அடியில் பச்சைப் பூஞ்சணம் போலப் படியும். தொடுப்பு தளர்ந்து சுடும், ஒருநாள் விட்டுப்போகும். அம்மீற்றர் ஊசி துடிப்பதும், சீ.ரீ. வழமைக்கு மாறாக இரைவதும் அதன் முன்னறிகுறிகள். ஒரு பேஸ் மட்டும் பூச்சியம் காட்டி, கேபிளில் கிளாம்ப் மீற்றர் 120 அம்பியர் காட்டினால் ஸ்குறூடிரைவரை எடுக்க வேண்டாம். முதலில் லோடை நிறுத்துங்கள்.

மெயின் பிரேக்கரை விழுத்திப் பூட்டுங்கள். ஜெனரேற்றர் ஓட்டோவில் இருந்தால், லைன் போய்விட்டதென்று அது தானாக ஸ்டார்ட் ஆகி பஸ்பாருக்குக் கரண்ட் கொடுக்கும். செலக்டரை ஓஃபில் வைத்து பற்றரி நெகற்றிவையும் கழற்றுங்கள். பிறகு மூன்று பேஸையும் ரெஸ்ரரால் பாருங்கள், அந்த ரெஸ்ரர் வேலை செய்வதை முன்னும் பின்னும் சரிபார்த்து.

நிறுத்தவே முடியாத இடத்தில், பயிற்சி உள்ளவர் மட்டும், ரெஸ்ற் ரேமினல் புளொக்கில், சீ.ரீ.யின் இரு முனைகளையும் சேர்த்து இணைக்கும் ஷோர்ட்டிங் லிங்கைப் போட வேண்டும். 120 அம்பியருக்கு லிங்கில் 3 அம்பியர் ஓடி, அம்மீற்றர் பூச்சியத்துக்கு இறங்கினால்தான் மீற்றரைக் கழற்றலாம். திரும்பப் போடும்போது மீற்றர் முதலில், லிங்கை எடுப்பது கடைசியில். முதலைக் கிளிப்பை நம்பவே கூடாது. இந்தச் சுற்றில் பியூஸும் போடக் கூடாது.

பச்சை பிடித்த முனையை உரசிப் பயனில்லை. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, ஈயம் பூசிய லக்கை கிரிம்ப் பண்ணுங்கள். 2.5 சதுர மி.மீ. வயர் 10 மீற்றர் தூரம் போய்வந்தால் சுமார் 0.15 ஓம். 5 அம்பியரில் அதுவே 3.7 வீ.ஏ. (வோல்ற்-அம்பியர்) தின்னும், 5 வீ.ஏ. சுமை வரை தாங்கும் சீ.ரீ.யில் மீற்றருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நீண்ட தூரத்துக்கு 1 அம்பியர் சீ.ரீ. வாங்குவதே புத்தி: அதே வயரில் 0.15 வீ.ஏ. போதும்.

துணைச் சுருளின் எஸ் 2 முனையை ஓரிடத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஒரு சீ.ரீ. தலைகீழாக மாறினால், மூன்று பேஸும் சமமாக இருக்கையில் மீற்றர் மூன்றிலொரு பங்கையே பதியும். ‘மீற்றர் பழுது’ என்ற முறைப்பாட்டில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காப்பை அளக்கும் 500 வோல்ற் மெகர் போடுமுன் மீற்றரையும் எர்த்தையும் கழற்றுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் உலர்த்தி மறுபடி அளந்து, ஏறாவிட்டால் மாற்றுங்கள். மின்சார வழங்குநரின் முத்திரை உள்ள சீ.ரீ.யில் கை வைக்கக் கூடாது, அவர்களுக்கே அறிவியுங்கள்.

பிளந்து மாட்டும் வகை சீ.ரீ.யில் இரு பாதியும் சேரும் முகத்தில் துரு பிடித்தால் அளவு குறையும். அதைத் திறப்பதற்கும் இதே ஒழுங்குதான்: நிறுத்திவிட்டுத் திறந்து, மெல்லிய துணியால் துடைத்து, கிளிக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள்.