பழைய பக்கியில் பிரேக் உதறுகிறதா? டிஸ்க் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

டர்பன் அருகே குளூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் வழியாகப் பைன்டவுனுக்குப் பழைய பக்கியில் (பிக்கப் வண்டியில்) இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் படபடவென்று அடிக்கும். கால் வைத்திருக்கும் பெடல் உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் துடிக்கும். பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "டிஸ்க் வளைஞ்சு போச்சு, மாத்திடு." மாற்றியதும் உதறல் நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே உதறல் திரும்ப வரும், புது டிஸ்க்குக்குக் கொடுத்த பணமும் வீண்.

உண்மையில் டிஸ்க் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. ஹப்புக்கும் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டும் நடுப்பகுதி) டிஸ்க்குக்கும் நடுவே துரு இருந்தால் டிஸ்க் ஒரு முடி அளவு சாய்ந்து உட்காரும். பிரேக்கைத் தொடாமல் நெடுஞ்சாலையில் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே பகுதி பேடில் (டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் உரசுகட்டையில்) உரசும். அந்த இடம் மெல்லத் தேயும், மற்ற இடம் தடிமனாகவே இருக்கும். பிறகு பிரேக் பிடித்தால், தடித்த பகுதி பேடுகளைப் பிதுக்கி பிரேக் ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தேய்ந்த பகுதி வந்ததும் ஆயில் திரும்புகிறது. காலில் தெரியும் துடிப்பு இதுதான். சாய்வைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால், அதையும் அதே சாய்வு தின்றுவிடும்.

இந்த விளக்கம் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள பழைய பக்கிகளுக்கு: ஹைலக்ஸ், இசுசு கேபி, நிசான் ஹார்ட்பாடி, மாஸ்டா பி வரிசை போன்றவை.

தேவையானவை

ஜாக், இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கத்துக்கு நட்டை முடுக்கும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் 2 டப்பா, மார்க்கர் பேனா, காந்த அடியுள்ள டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி), 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டருக்குப் பதில் வெர்னியர் போதுமே என்று நினைக்காதீர்கள். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு வரப்பு நிற்கும். வெர்னியரின் நீண்ட தாடைகள் அந்த வரப்பைப் பிடித்துக்கொண்டு, தேய்ந்துபோன டிஸ்க்கையும் தடிமனானதாகக் காட்டும்.

படி 1: எப்போது உதறுகிறது?

பிரேக் தொடாமலே 90 அல்லது 100 கி.மீ. வேகத்தில் அதிர்ந்தால் அது பிரேக் கோளாறு அல்ல. டயர், வீல் பேலன்ஸ், புரொப் ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு) பக்கம் போங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் தொடர்ந்து படியுங்கள்.

துடிப்பின் வேகத்தையும் கவனியுங்கள். 205ஆர்16 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும், 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 9 முதல் 10 சுற்று, 40-இல் அதில் பாதி. வண்டி வேகம் குறையக் குறைய துடிப்பும் அதே அளவில் குறைந்தால் குற்றவாளி சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: டிஸ்க், டிரம் அல்லது டயர். புரொப் ஷாஃப்ட் சக்கரத்தைவிட 4 மடங்கு அளவுக்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் அதிர்வு துடிப்பாக இல்லாமல் ரீங்காரமாகக் கேட்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் மண் சாலையில் பெடல் படபடப்பது இயல்பு. தார்ச் சாலையில், மெதுவாக நிற்கப்போகும் நேரத்தில் படபடத்தால் சென்சாரையும் அதன் பல் வளையத்தையும் பாருங்கள்.

படி 2: முன்னா பின்னா?

ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்பக்கம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் டிரம்மைச் சந்தேகியுங்கள். உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. ஆளில்லாத சமமான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய், பெடலைத் தொடாமல், ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுங்கள். பட்டனைக் கடைசிவரை அழுத்தியே வைத்திருங்கள்; டாஷ்போர்டின் கீழ் இழுக்கும் பழைய வகையானால் கைப்பிடியைத் திருப்பியபடி பிடித்திருங்கள். அப்போதுதான் சக்கரம் பூட்டினால் உடனே விட முடியும். இழுக்கும்போது துடித்தால் டிரம். துடிக்காவிட்டால் முன் டிஸ்க். மழை நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது. அதன் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. புரொப் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஓடும்போது இழுத்தால் டிரான்ஸ்மிஷன் பாகங்கள் உடையலாம்.

ரோட்வொர்த்தி (வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும்) சோதனை நிலையங்களில் உருளைமேல் சக்கரத்தை ஏற்றி பிரேக் பார்ப்பார்கள். அங்கே பிரேக் விசை சீராக நிற்காமல் ஏறி இறங்கினால் எந்தச் சக்கரம் என்பதை உருளையே காட்டிக் கொடுக்கும்.

படி 3: காசில்லாத வைத்தியம்

டயர் கடையில் ஏர் கன் வைத்து முடுக்கிய நட்டுகள் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வே டிஸ்க்கைக் கோணலாக இழுத்துவிடும். நட்டுகளைத் தளர்த்தி, எதிரெதிர் நட்டாக மாறி மாறி, மூன்று சுற்றில் இறுக்குங்கள். பல பழைய பக்கிகளுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். லேசான உதறல் சில வேளை இதிலேயே தணியும். டயர் மாற்றிய கொஞ்ச நாளிலேயே உதறல் தொடங்கியிருந்தால் இந்தப் படியைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

படி 4: தளர்ந்த பாகங்கள்

பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், ஐட்லர் ஆர்ம் தெரியும். கன்ட்ரோல் ஆர்ம் புஷ் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இவை தாமாக உதறலை உண்டாக்குவது குறைவு, ஆனால் சின்னத் துடிப்பைப் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டுவரும்.

படி 5: அளக்கும் வேலை

இதில் அவசரப்படாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, மார்க்கரால் சுற்றிலும் சம இடைவெளியில் 8 புள்ளி வையுங்கள். ஓரத்திலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே, எல்லாப் புள்ளியிலும் ஒரே தூரத்தில், மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்து எழுதுங்கள். உதாரணமாக 21.94, 21.94, 21.93, 21.92, 21.91, 21.91, 21.92, 21.93 என்று வந்தால் வித்தியாசம் 0.03 மி.மீ. பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது. ஆனால் 80 கி.மீ. வேகத்தில் காலுக்குத் தெரியும். 0.01-க்குள் இருந்தால் நல்லது, 0.02 தாண்டினால் உதறல் உணரத் தொடங்கும். எண்கள் இப்படிப் படிப்படியாக இறங்கி ஏறினால் சாய்வால் வந்த தேய்மானம் என்று பொருள். ஓரிடத்தில் மட்டும் திடீரென்று ஏறி, அங்கே பேட் வடிவில் கருநீலக் கறை தெரிந்தால் பேடின் பொருள் ஒட்டியிருக்கிறது.

அந்தக் கறை எப்படி வருகிறது? நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கோடு வந்து, ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) சிவப்பு விழுந்ததும் பெடலை அழுத்தியபடியே நிற்கிறோம். பேட் ஒரே இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வேகிறது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இந்தச் சூடே வராது. சூடாகிவிட்டால், முன்வண்டிக்குப் பின்னால் சற்று இடைவெளி விட்டு நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து முன்னேறுங்கள்.

அடுத்து சாய்வு. டிஸ்க் ஹப்மேல் தனியாக அமரும் வகையானால், இரண்டு மூன்று நட்டுகளை வாஷர் போட்டு மாட்டி டிஸ்க்கை ஹப்போடு இறுக்குங்கள். டேப்பர் பேரிங் உள்ள பழைய வண்டியில் முதலில் ஸ்பிண்டில் நட்டை முடுக்கி ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேஜ் டிஸ்க்கை விட்டுவிட்டுப் பேரிங்கின் ஆட்டத்தை அளக்கும். டயல் கேஜின் முனையை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் 0.05 மி.மீ.க்குள் ஆடினால் பிரமாதம். 0.10 தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் முன்னே போகாதீர்கள். அளந்து முடிந்ததும் பேரிங் நட்டைக் கையேட்டின்படி திரும்பச் சரிசெய்ய மறக்க வேண்டாம்.

0.05 மி.மீ. துருத் துகள் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஹப் முகத்தின் ஆரம் 70 மி.மீ., டிஸ்க்கின் ஆரம் 140 என்று வையுங்கள். உள்ளே 0.05 தூக்கினால் வெளி ஓரத்தில் அது 0.10 ஆகிவிடும். டர்பனின் உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். படகை இறக்க டிரெயிலரோடு கடலுக்குள் பின்னால் போகும் பக்கிகளுக்கு இன்னும் மோசம்.

எனவே டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பி பிரஷால் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். திரும்ப மாட்டி அளங்கள். இன்னும் சாய்ந்திருந்தால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளித் திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். ஆறு ஸ்டட் வண்டியில் ஆறு இடம் உண்டு. ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் கிடைக்கும். பல பழைய பக்கிகளில் டிஸ்க்கும் ஹப்பும் பின்னாலிருந்து போல்ட்டால் இணைந்திருக்கும். பேரிங்கைக் கழற்றாமல் டிஸ்க் வராது. அதை முதல்முறை செய்பவர் தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

படி 6: காலிபர்

பேடுகளை அழுத்தும் காலிபர் நகர்வது ஸ்லைடு பின் என்ற ஊசியின்மேல்; அந்த ஊசி கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். இறுகியிருந்தால் ஒரு பேட் மட்டும் தேய்ந்திருக்கும். அந்தப் பக்கம் டிஸ்க் ஓயாமல் சூடாகிக்கொண்டே இருக்கும். துடைத்துச் சிலிகான் கிரீஸ் போடுங்கள். ஸ்லைடு பின் இல்லாமல் நான்கு பிஸ்டன் உள்ள காலிபரானால் எல்லாப் பிஸ்டனும் உள்ளே போகிறதா என்று பாருங்கள். பேடின் உரசும் பகுதி 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 7: பின் டிரம்

முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, பின்பக்கம் ஸ்டாண்டில், கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டு. ஷூவை (டிரம்மின் உள்ளே உரசிப் பிடிக்கும் பாகம்) லேசாக உரசும்வரை அட்ஜஸ்ட் செய்து சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரே சுற்றில் இறுகி, விட்டு, இறுகினால் டிரம் வட்டமாக இல்லை. இறக்கத்தில் நன்றாகச் சூடேறிய டிரம்மை உடனே ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்தினால் குளிரும்போது வடிவம் கெடும். முட்டுக்கட்டை வைத்து, சூடு தணிந்த பிறகு இழுங்கள்.

டிரம் வெளியே வராவிட்டால் சுத்தியலால் ஓரத்தை அடிக்காதீர்கள். பல டிரம்களில் முகத்தில் இரண்டு மரையிட்ட துளை இருக்கும். அவற்றில் போல்ட்டைப் போட்டு மாறி மாறி முடுக்கினால் தானாகக் கழன்றுவரும். உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் 2008-இல்தான் தடைசெய்யப்பட்டது; பழைய ஷூவில் அது இன்னும் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஷூவில் எண்ணெய் தெரிந்தால் ஆக்சில் சீல் அல்லது வீல் சிலிண்டர் கசிகிறது. நனைந்த ஷூவைக் கழுவிப் பயன்படுத்த முடியாது.

பின் ஆக்சிலுக்கு மேலே, சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கிறதா பாருங்கள். அதன் கம்பி துருப்பிடித்து ஆடாமல் நின்றால், சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகும்போதும் பின் பிரேக் காலி வண்டி அளவுக்கே பிடிக்கும். மொத்தச் சுமையும் முன் டிஸ்க் தலையில் விழும்.

படி 8: ஸ்கிம்மா, புதிதா?

ஸ்கிம் என்றால் டிஸ்க்கின் முகத்தைச் சீவிச் சமமாக்குவது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். ஸ்கிம் செய்த பிறகும் அதைவிட 0.5 மி.மீ.யாவது மிஞ்சினால் ஸ்கிம், இல்லையென்றால் புதிது. எதுவானாலும் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே. வண்டியிலேயே மாட்டி ஸ்கிம் செய்யும் இயந்திரம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள், ஹப்பின் சாய்வும் சேர்ந்து சரியாகிவிடும். புது டிஸ்க்கின் பாதுகாப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் முழுவதும் துடையுங்கள். மாட்டியதும் டயல் கேஜ் திரும்ப வரவேண்டும். புதிது என்பதால் அளக்காமல் விட்டால் இவ்வளவு பாடும் வீண்.

பிறகு பேடைப் பழக்குங்கள். 60 கி.மீ.யிலிருந்து 10 வரை மிதமாகப் பிடித்து, முழுவதும் நிற்காமல், 8 முதல் 10 முறை. நடுவே அரை நிமிடம் ஓடவிடுங்கள். கடைசியில் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் போய் ஆறவிடுங்கள்.

100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை பாருங்கள். அந்த 8 எண்களையும் சாய்வின் எண்ணையும் தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள். 5,000 கி.மீ. கழித்து அதே புள்ளிகளில் அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.