க்ளாக் 17 பிஸ்டல்: டிரிகர் சொரசொரப்பைப் போக்கியது

மேகசினை (தோட்டாக் கூடு) கழற்றி, சேம்பரை (குழலில் தோட்டா அமரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே கைவைக்கவும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

மூன்றாம் தலைமுறை க்ளாக்கில் டிரிகர் கரகரவென்று இழுபடுவது அச்சில் வெட்டிய தகடுகளின் ஓரப் பிசிறால். உரசும் இடங்கள் சிலவே: கனெக்டரின் (டிரிகர் பாரைக் கீழே இறக்கும் சிறு தகடு) சாய்ந்த விளிம்பு, அதன்மேல் நழுவும் டிரிகர் பாரின் (டிரிகரிலிருந்து பின்னே செல்லும் தகடு) பகுதி, பாதுகாப்புப் பொத்தானை (தோட்டாவைக் குத்தும் ஊசியான ஸ்ட்ரைக்கரை டிரிகர் இழுக்கும்வரை தடுப்பது) மேலே தள்ளும் பாரின் நீட்சி, பொத்தானின் சரிவு. முதலில் அவற்றில் மார்க்கர் மை தடவி, பிஸ்டலின் பாகங்களைத் திரும்பப் பொருத்திப் பத்து முறை இயக்கினேன். மை அழிந்த இடத்தில் மட்டுமே வேலை.

பஞ்சுக்குச்சியில் உலோகப் பாலிஷ் தொட்டு, ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம். கண்ணாடிபோல் மின்னினால் போதும். உப்புத்தாள், அரம் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு மெல்லியது; அது போனால் துரு. ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் முகத்தை நான் தொடவே இல்லை: கோணம் மாறினால் துப்பாக்கி தானாக வெடிக்கலாம்.

பாலிஷும் ஒரு தேய்பொடிதான். ஆல்கஹாலில் கழுவி உலர்த்தவும். ஸ்ட்ரைக்கர் குழாயில் எண்ணெய் கூடாது. கனெக்டரும் பாரும் சந்திக்கும் இடத்தில் ஒரு சொட்டு.

கடைசியில், ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) தனியே வைத்து, ஸ்ட்ரைக்கரை முதலில் பின்னே இழுத்து மெல்ல விட்டு, பொத்தானை அழுத்தாமல் முன்னே அழுத்துங்கள். முனை வெளியே எட்டிப் பார்த்தால் பொத்தான் கெட்டது, புதியதே போடுங்கள். இழுவிசை பெரிதாகக் குறையாது, கரகரப்புதான் போகும்.