பழைய அவுட்போர்டு மோட்டாருக்குப் பெட்ரோல் பம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950களில் ஜான்சன், எவின்ரூட் பெயர்களில் வந்த, படகின் பின்புறம் மாட்டும் அமெரிக்க மோட்டார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்பே கிடையாது. படகில் தனியாக வைக்கும் டேங்க்குக்கும் மோட்டாருக்கும் நடுவே இரட்டைக் குழாய் ஓடும். ஒன்றின் வழியாக கிராங்க்கேஸின் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள மூடிய அறையின்) அழுத்தம் டேங்க்குக்குப் போகும்; அந்த அழுத்தத்தில் மற்றொன்றின் வழியாகப் பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறும். 1949இல் ஜான்சனின் 10 குதிரைத்திறன் மோட்டாரோடு வந்த இந்த ஏற்பாடு, 1960 வாக்கில் பம்புக்கு வழிவிட்டது. மோட்டார்கள் இன்றும் ஓடுகின்றன. டேங்க்குகள்தான் தளர்ந்துவிட்டன. மூடியின் காஸ்கெட் காய்ந்தால் அழுத்தத்தோடு பெட்ரோல் படகுக்குள் பீய்ச்சும். அதனால் பம்புக்கு மாற்றுவது நல்ல முடிவு. ஆனால் பம்ப் எதை வைத்து வேலை செய்கிறது என்று புரியாமல் கை வைத்தால் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரும் நின்றுவிடும்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து 3 குதிரைத்திறன் மோட்டார் போன்ற சிறியவற்றில் டேங்க் மோட்டாரின் மேலேயே இருக்கும். பெட்ரோல் தானாக இறங்கும். அவற்றுக்குப் பம்ப் தேவையே இல்லை.

செக் வால்வை அப்படியே விட்டுவிடுவது

அதிகம் நடக்கும் தவறு இதுதான், அதிகம் குழப்புவதும் இதுதான். டயஃப்ரம் எனும் மெல்லிய சவ்வால் இயங்கும் பம்புக்குத் தேவை வெறும் அழுத்தம் அல்ல, துடிப்பு. பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும், மேலே போகும்போது உறிஞ்சும். இந்தத் தள்ளலும் இழுப்பும் மாறி மாறி வந்தால்தான் டயஃப்ரம் முன்னும் பின்னும் அசைந்து பெட்ரோலை நகர்த்தும்.

பழைய மோட்டாரில் டேங்க்குக்குக் காற்று போகும் வழியில் சிறு தட்டும் ஸ்பிரிங்குமாக செக் வால்வுகள் இருக்கும். பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பின்னால், இன்டேக் பகுதியில் அவற்றைப் பார்க்கலாம். அழுத்தத்தை வெளியே விட்டு, திரும்பி வர விடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. பழைய காற்று நிப்பிளிலேயே (குழாய் மாட்டும் சிறு முனை) பம்பின் துடிப்புக் குழாயை மாட்டினால், பம்புக்குத் தள்ளல் மட்டும் கிடைக்கும், இழுப்பு கிடைக்காது. டயஃப்ரம் ஒரு பக்கமாக உப்பி அப்படியே நிற்கும். பெட்ரோல் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் உருண்டையான பிரைமர் பல்பை அமுக்கி நிரப்பிய பெட்ரோல் தீரும்வரை மோட்டார் அழகாக ஓடும், பிறகு நின்றுவிடும். உடனே பம்ப் கெட்டது என்று வேறு பம்ப் வாங்குகிறார்கள். அதுவும் அப்படியே நிற்கும்.

வால்வை எடுத்தால் மட்டும் போதாது. இரட்டை சிலிண்டர் மோட்டாரில் இரண்டு கிராங்க்கேஸ் அறைகளிலிருந்தும் வரும் காற்று ஒரே நிப்பிளில் கலக்கும். ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றது ஏறுவதால், ஒன்றின் தள்ளலை மற்றதன் இழுப்பு விழுங்கிவிடும். மேலும் இரண்டு அறைகளும் திறந்த வழியால் இணைந்துவிட்டால் மெதுவான ஓட்டமும் கெடும். ஆகவே ஒரு சிலிண்டரின் வால்வை எடுத்துவிட்டு அந்த வழியை நிப்பிளுக்குத் திறந்துவிடுங்கள். மற்ற சிலிண்டரின் வழியை நிரந்தரமாக அடையுங்கள். அடைப்பதற்கு மரை வெட்டி, திருகாணி போட்டு, பெட்ரோல் தாங்கும் சீலன்ட் தடவுவது நல்லது. வெறும் பசை உருண்டை ஒருநாள் கழன்று உள்ளேயே விழும். வால்வு எங்கே, எப்படி இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலின் பாகப் படத்தைப் பார்க்காமல் கழற்ற வேண்டாம்.

பம்பை மாட்டும் முன் ஒரு சோதனை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வயர்களை என்ஜின் உடலோடு எர்த் செய்து, துடிப்பு நிப்பிளின் வாயில் விரலை வைத்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுங்கள். விரலைத் தள்ளுவதும் உறிஞ்சுவதும் தெளிவாகத் தெரிய வேண்டும். தள்ளல் மட்டும் தெரிந்தால் வால்வு இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டும் தெரியவில்லை என்றால் அறைகள் கலந்திருக்கின்றன அல்லது வழி அடைந்திருக்கிறது.

தப்பான மூடியில் துளை போடுவது

சிலர் செக் வால்வு வழியை விட்டு, பைபாஸ் மூடியில் (கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் வழியின் மூடி) துளை போட்டுத் துடிப்பை எடுப்பார்கள். அதுவும் சரியான முறைதான். ஆனால் பைபாஸ் மூடி எது, எக்ஸாஸ்ட் மூடி எது என்று தெரிந்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் துளைத்தால் பம்புக்குச் சூடான புகையோ குளிர்விக்கும் நீரோதான் வரும். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே மூடி இருந்தால், துளை ஏதாவது ஒரு அறைக்கு நேராக விழ வேண்டும், நடுத் தடுப்பின் மேல் அல்ல.

மூடியை மோட்டாரில் வைத்தே துளைக்காதீர்கள். ஒரே ஒரு அலுமினியச் சில்லு போதும், பிஸ்டனும் சிலிண்டரும் கீறிவிடும். மூடியின் திருகுகள் பல வருடமாக இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். பலத்தைப் போட்டால் தலை முறியும். 1/8 அங்குலக் குழாய் மரைக்கு 11/32 அங்குலத் துளை. அந்த மரை கூம்பு வடிவம் என்பதால் டேப்பை முழுதும் இறக்கினால் நிப்பிள் இறுகாது. கொஞ்சம் வெட்டி, நிப்பிளைத் திருகிப் பார்த்து, மீண்டும் வெட்டுங்கள். நிப்பிளின் நுனி உள்ளே நீண்டால் அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம். அதன் பிசிறு, கிராங்க்கேஸுக்குள் கலவையை விடும் ரீட் வால்வில் சிக்கினால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மூடியைத் திரும்ப மாட்டும்போது புதுக் காஸ்கெட் போடுங்கள்.

துடிப்புக் குழாயும் பம்பின் இடமும்

குழாய் நீண்டாலும் மென்மையாக இருந்தாலும் துடிப்பு வழியிலேயே செத்துவிடும். தடித்த சுவருள்ள பெட்ரோல் ஹோஸ், முடிந்தவரை குட்டையாக. துடிப்பு எடுக்கும் இடத்தைவிடப் பம்ப் உயரத்தில் இருக்கட்டும். டூ ஸ்ட்ரோக் கிராங்க்கேஸில் எப்போதும் எண்ணெயும் பெட்ரோலும் கலந்த ஈரம் இருக்கும். பம்ப் கீழே இருந்தால் அது குழாயில் தேங்கித் துடிப்பை அடக்கிவிடும். மோட்டாரின் மேல் மூடியை மூடும் முன், த்ராட்டிலைத் திருப்பும்போது, பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவின் தட்டோடு அசையும் கம்பிகள் பம்பில் இடிக்கின்றனவா என்று முழு வீச்சிலும் அசைத்துப் பாருங்கள்.

பழைய காற்று வழி எதையும் திறந்து விடாதீர்கள். கிராங்க்கேஸுக்குள் வெளிக்காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். அதோடு எண்ணெயும் குறைவதால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

கார் கடையில் விற்கும் எலக்ட்ரிக் பம்ப் இங்கே வேண்டவே வேண்டாம். மோட்டார் நின்ற பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கலாம். கார்புரேட்டர் வழிந்து படகின் அடியில் பெட்ரோல் சேரும். துடிப்புப் பம்ப் மோட்டார் நின்றால் தானும் நிற்கும், வேகமாக ஓடும்போதும் இரண்டு, இரண்டரை பிஎஸ்ஐ அழுத்தத்தில்தான் தள்ளும். அளவைப் பொறுத்தவரை, இந்தப் பழைய டூ ஸ்ட்ரோக்குகள் முழு வேகத்தில் 10 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். 35 குதிரைத்திறன் என்றால் 14 லிட்டர் வரை போகும். அதைத் தாராளமாகக் கொடுக்கும் பம்பாக வாங்குங்கள்.

டேங்க் மாறும்போது மறந்துபோகிறவை

பம்போடு வைக்கும் அழுத்தமில்லாத புது டேங்க்கின் மூடியில் காற்றுத் திருகு உண்டு. அதைத் திறக்காமல் ஓட்டினால் உள்ளே வெற்றிடம் ஏறி மோட்டார் திணறும். பழைய பிரஷர் டேங்க் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டியது என்பதால், பழகிய கை இங்கேயும் இறுக்கிவிடும். பிரைமர் பல்பின் அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்க வேண்டும்.

எண்ணெய்க் கலவையை மாற்றாதீர்கள். 50:1 கலவையை (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்) ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைச் செய்த கம்பெனி ஏற்றது 1964இல்தான். பம்ப் போட்டதால் மோட்டார் புதிதாகிவிடாது. 1950களின் மோட்டாருக்கு 24:1 தான் கொடுக்க வேண்டும். புது மோட்டாரோடு ஒரே டேங்க்கைப் பகிர்ந்தால் இங்கேதான் பேரிங் போகும். கார்புரேட்டரில் இன்னும் கார்க் மிதவை இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அதன் மேல்பூச்சைக் கரைக்கும்.

தண்ணீரில் பார்க்காமல் முடிப்பது

பீப்பாயில் மெதுவாக ஓடியதை நம்பிப் படகை எடுக்காதீர்கள். அந்த வேகத்துக்கு அரைகுறைத் துடிப்பே போதும். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே தற்காலிகமாக ஒரு கண்ணாடி போன்ற ஹோஸ் போட்டு, கரைக்குப் பக்கத்திலேயே கியரில் முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். வேகம் குறையும்போது பல்பை அமுக்கியதும் மீண்டு வந்தால் பெட்ரோல் வரத்தில்தான் குறை: பம்ப், துடிப்பு, காற்றுத் திருகு ஆகியவற்றைப் பாருங்கள். ஹோஸில் குமிழிகள் ஓடினால் டேங்க்குக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்று இழுக்கிறது. மோட்டாரை நிறுத்தியபின் பல்பை இறுக அமுக்கி, துடிப்புக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதில் பெட்ரோல் சொட்டினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அப்படியே விட்டால் பெட்ரோல் நேராக கிராங்க்கேஸுக்குள் போய் புகை கக்கும், பிளக் நனையும். எல்லாம் சரி என்றால் அந்தத் தற்காலிக ஹோஸை எடுத்துவிட்டு, படகுக்கென்று விற்கும் பெட்ரோல் ஹோஸைப் போட்டு இரு முனைகளிலும் கிளாம்ப் இறுக்குங்கள்.