ட்ரிஸ்டிஸ்: லத்தீனின் சோகச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாக லத்தீன் படிக்க வந்த ஒருவர் 'புவெல்லா ட்ரிஸ்டா' என்று எழுதிக் காட்டினார். 'சோகமான சிறுமி' என்று சொல்ல வந்தார். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இதே தவறை நான் கல்லிலேயே வெட்ட வைத்தவன்.

ஈறு ஒத்துப்போக வேண்டியதில்லை

தமிழில் 'சோகமான' எங்கும் மாறாது. சோகமான அப்பா, சோகமான அம்மா, சோகமான நாட்கள். லத்தீனிலோ பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரடை பெயரோடு இணங்க வேண்டும். இதைக் கேட்டதுமே, ஈறும் ஒரே ஓசையில் முடிய வேண்டும் என்று நாமாக முடிவுகட்டிக்கொள்கிறோம். ஈறு மாறும் முறையை வைத்து லத்தீன் சொற்களைப் பிரித்தால், ட்ரிஸ்டிஸ் மூன்றாம் வகைச் சொல். ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் ட்ரிஸ்டிஸ், நடுப்பாலுக்கு ட்ரிஸ்டே. 'ட்ரிஸ்டா' என்றொரு வடிவமே கிடையாது.

குழந்தையை இழந்த தோழி ஒருத்தி கல்லறைக்கு ஒரு லத்தீன் வரி கேட்டாள். 'மாட்டெர் ட்ரிஸ்டா', அதாவது சோகமான தாய் என்று எழுதிக் கொடுத்தேன். கல் நட்ட பிறகுதான் ஒரு பாதிரியார் பார்த்துவிட்டுப் பிழை என்றார். புதுக் கல்லுக்கு நான் பணம் கொடுத்தேன். ஆனால் அவள் அதே இடத்தில் இன்னொரு முறை நின்று கல் நடுவதைப் பார்க்க வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் இன்றும் என்மேல் கோபம் வருகிறது. 'மைஸ்டுஸ்' என்ற சொல்லை எடுத்திருந்தால் 'மாட்டெர் மைஸ்டா' சரியாக இருந்திருக்கும். அதற்குத்தான் உஸ், ஆ, உம் ஈறுகள்.

ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லத்தீன் விவிலியத்தில், மத்தேயு 26:38இல், கெத்சமனியில் இயேசு சொல்வது: 'ட்ரிஸ்டிஸ் எஸ்ட் அனிமா மெயா'. 'என் ஆன்மா துயருற்றிருக்கிறது.' அனிமா பெண்பால். மெயா அதோடு ஒலிக்கிறது, ட்ரிஸ்டிஸ் ஒலிக்கவில்லை. இரண்டுமே இணங்கித்தான் நிற்கின்றன.

நீங்கல் வேற்றுமை ('இருந்து', 'ஆல்' போன்ற பொருள் தரும் வடிவம்) ஒருமையில் ட்ரிஸ்டே அல்ல, ட்ரிஸ்டி

'ட்ரிஸ்டியா' ஒருமை அல்ல

கி.பி. 8இல் அகஸ்டஸ், கவிஞர் ஓவிடைக் கருங்கடற்கரை டோமிஸுக்கு நாடுகடத்தினார். இன்று அது ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா. அந்தக் காலத்தில் ஓவிட் எழுதிய நூலின் பெயர் ட்ரிஸ்டியா. 'ஆ'வில் முடிவதால் பெண்பால் ஒருமை என்று நினைக்கிறார்கள். அது நடுப்பால் பன்மை: சோகமானவை.

வெர்ஜிலைத் திருத்தாதீர்கள்

'ட்ரிஸ்டே லுபுஸ் ஸ்டாபுலிஸ்' என்கிறார் ரோமானியக் கவிஞர் வெர்ஜில். லுபுஸ், அதாவது ஓநாய், ஆண்பால்; அப்புறம் ஏன் ட்ரிஸ்டே? இங்கே அது ஓநாய்க்கு அடைமொழியாக நிற்கவில்லை, பெயராகவே நிற்கிறது: ஆட்டுப்பட்டிகளுக்கு ஓநாய் ஒரு துயரம்.