கருந்துளைக்குக் கிட்ட ஒரு மணித்தியாலம்: கல்குலேற்றரில் கணக்குப் பார்ப்பது எப்படி

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மருமகள் கேட்டாள்: "மாமா, கருந்துளைக்குக் கிட்டப் போனால் நேரம் மெதுவாகுமாம். எவ்வளவு மெதுவாகும்?" சரியான விடைக்கு எனக்கு இரண்டு இரவு பிடித்தது. நீங்கள் பத்து நிமிடத்தில் செய்யலாம். சுழலாத கருந்துளைக்குத்தான் இந்த வழி. ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட் 1916 இல் வெளியிட்ட தீர்விலிருந்து வருகிறது.

படி 1: கருந்துளையின் திணிவு எத்தனை சூரியன் என்று எடுத்து 2.95 ஆல் பெருக்குங்கள். நிகழ்வு எல்லையின், அதாவது தாண்டினால் ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லையின், ஆரை கிலோமீற்றரில் வரும். 10 சூரியனுக்கு 29.5.

படி 2: அந்த ஆரையை நீங்கள் நிற்கும் ஆரையால் வகுங்கள், 1 இலிருந்து கழியுங்கள், வர்க்கமூலம் எடுங்கள்.

நான் விழுந்தது இங்கேதான். எல்லையிலிருந்து 10 கி.மீ. வெளியே என்று நினைத்து 10 ஆல் வகுத்தேன். 2.95 வந்தது, கழித்தால் மறை எண், கல்குலேற்றர் திரையில் "எரர்". ஆரை மையத்திலிருந்து எண்ணப்படுவது, 39.5 போட வேண்டும். கருந்துளைக்குள் நாடா பிடித்து அளக்க முடியாதே? நிற்கும் இடத்தில் சுற்றளவை அளந்து 6.28 ஆல் வகுத்தால் வருவதே அந்த ஆரை. இப்போது விடை 0.503. தூரத்தில் ஒரு மணித்தியாலம் போகும்போது அங்கே நிற்பவருக்கு 30 நிமிடம்தான் போகும்.

போன் செயலியை விட இரண்டு வரி காட்டும் கல்குலேற்றர் நல்லது. அடைப்புக்குறி தவறினால் உடனே கண்ணில் படும்.

படி 3: ஒளிக்கும் அதே எண்தான். அங்கிருந்து 500 நனோமீற்றர் பச்சை டோர்ச் அடித்தால், 0.503 ஆல் வகுங்கள்: தூரத்தில் இருப்பவருக்கு ஏறக்குறைய 994 நனோமீற்றராக வந்து சேரும். செந்நிறக்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரியாது. டோர்ச் பிடித்தவருக்கோ அது பச்சையேதான், கைக்கடிகாரமும் வழமைபோல் ஓடும். அவர் வெளியே பார்த்தால் கல்லடிக் கடிகாரம் இரட்டை வேகத்தில் ஓடும். இங்கிருந்து போகும் 700 நனோமீற்றர் சிவப்பு 352 ஆகிப் புறஊதாவாகிவிடும்.

சேர்க்கை: அக்கரைப்பற்றுத் தங்கை ஒருவர் கேட்டார், "நிற்காமல் வட்டமாகச் சுற்றினால்?" அப்போது படி 2 இல் வகுத்து வந்ததை 1.5 ஆல் பெருக்கிவிட்டுக் கழியுங்கள். நிலையாகச் சுற்ற எல்லை ஆரையின் 3 மடங்காவது வேண்டும், இங்கே 88.5 கி.மீ. அந்த இடத்தில் நிற்பவருக்கு மணித்தியாலத்தில் 49 நிமிடம் போகும், சுற்றுபவருக்கு 42.