அக்வா பாட்சா சமைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

இத்தாலியின் நேப்பிள்ஸ் வட்டாரத்து மீன் உணவு அக்வா பாட்சா. பெயருக்குக் 'கிறுக்குத் தண்ணீர்' என்று பொருள். ஆலிவ் எண்ணெய், பூண்டு, தக்காளி, கொஞ்சம் தண்ணீர், அதில் வேகும் மீன், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். பொரிக்கும் வேலையே இல்லை.

இதில் நான் பொறுத்துக்கொள்ளவே முடியாத தவறு, மீனை அதிக நேரம் வேகவைப்பது. மீன் சதையில் இணைப்புத் திசு மிகக் குறைவு. அதனால் ஆட்டிறைச்சி போல வேக வேக மிருதுவாகாது. இறுகி, தன் சாற்றைத் தானே வெளியே தள்ளிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு, மூடிபோட்டு, சின்னத் தீயில் 8 முதல் 10 நிமிடம் போதும். கனமான இடத்தில் முள்கரண்டியை நுழைத்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடித்தன்மை போய் வெளுத்து, இதழ் இதழாகப் பிரிந்தால் உடனே இறக்குங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் துண்டுகள் உடைந்து சாறு கலங்கிவிடும்.

அடுத்தது வரிசை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றினால், தக்காளி குழைவதற்குள் மீன் கெட்டுவிடும். முதலில் எண்ணெயில் பூண்டை மணம் வரும்வரை மட்டும் வதக்குங்கள். சிவக்க விட்டால் அந்தக் கசப்பு சாறு முழுக்க இறங்கும். பிறகு தக்காளியும் தண்ணீரும் சேர்ந்து பத்து நிமிடமாவது கொதிக்கட்டும். மீன் கடைசியில்தான். கேப்பர் (உப்பில் ஊறவைத்த ஒருவகைப் பூமொட்டு), ஆலிவ் காய் சேர்ப்பதானால் அவற்றிலேயே உப்பு உண்டு, சுவைத்துப் பார்த்துப் போடுங்கள். மேலே சீஸ் துருவ வேண்டாம். மென்மையான மீனின் சுவையை அது அமுக்கிவிடும்.

ஒயின் விஷயத்தில் பலர் டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்) மிகுந்த, கனமான சிவப்பு ஒயினை எடுத்துவிடுகிறார்கள். மீனோடு சேரும்போது அது வாயில் உலோகச் சுவையைத் தரும். தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்புள்ள வெள்ளை ஒயின்தான் இதற்குப் பொருத்தம். நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியா மாநிலத்தின் ஃபலாங்கினா, ஃபியானோ இரண்டும் நன்றாக இருக்கும். சார்டீனியாத் தீவின் வெர்மென்டினோவும் சேரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணமே தெரியாது. கால் மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள்; 8 முதல் 10 டிகிரி சரியான குளிர்ச்சி.

மத்தியதரைக்கடல் உணவுமுறை என்பதால் ஒயினும் உடம்புக்கு நல்லது என்று நினைத்துக் குடிப்பதும் தவறு. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் எலுமிச்சை பிழிந்த சோடாவோடு சாப்பிட்டால் இந்த உணவுக்கு ஒரு குறையும் வராது.

மீனை மட்டும் எடுத்துவிட்டுச் சட்டியில் சாற்றை மிச்சம் வைக்காதீர்கள். ருசி முழுக்க அதில்தான் இறங்கியிருக்கிறது. ரொட்டித் துண்டால் அதைத் துடைத்துச் சாப்பிடுவதற்கு இத்தாலியர்கள் 'ஸ்கார்பெட்டா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.