புது ஏரியில் மீன் விட என்ன அவசரம்?

தூண்டில் போட மீனும் வேண்டும், பறவையும் தவளையும் வந்து தங்கவும் வேண்டும் என்று சின்னதாக ஒரு செயற்கை ஏரி வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் மாதத்திலேயேதான். தண்ணீர் நிரம்பியதும் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார்கள். புதுத் தண்ணீரில் தின்னப் பூச்சி புழு சேர்ந்திருக்காது, ஒளிந்துகொள்ளச் செடியும் இருக்காது. முதலில் கரையோரத்தில் கோரையும் நாணலும் வேர்பிடிக்கட்டும். தட்டான்கள் வந்து முட்டையிட ஆரம்பித்தால், மீனைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, எந்த மீன்? இங்கேதான் பெரிய சேதம் நடக்கிறது. பாசியைத் தின்னும் என்று புல்கெண்டையை அளவில்லாமல் விட்டால், நீங்கள் நட்ட செடிகளையும் சேர்த்தே அது மொட்டையடித்துவிடும். சாதா கெண்டை அடிமண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலங்கினால் வெயில் உள்ளே இறங்காது, நீருக்கடியில் செடி வளராது. திலேப்பியா கட்டுக்கடங்காமல் பெருகி, கடைசியில் விரல் நீளக் குஞ்சுகளாகவே ஏரி நிறைந்துவிடும். கொசுவை ஒழிக்க கம்பூசியா விடுவதும் அப்படித்தான்: வட அமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் சின்ன மீன் தலைப்பிரட்டைகளையும் விட்டுவைக்காது. அந்தந்த ஆற்றுப்படுகையில் ஏற்கெனவே வாழும் மீன்களே போதும்.

வெட்டும்போதே நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. சுற்றிலும் கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டினால் கொக்கு எங்கே நிற்கும்? ஒரு பக்கமாவது 3 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவோ, அதைவிட மெதுவான சரிவோ இருக்கட்டும். மண் அணைமேல் மட்டும் மரம் நடாதீர்கள். வேர் செத்து மக்கினால் அந்த வழியாகவே தண்ணீர் கசியும்.

பாசி மண்டிவிட்டதென்று ஏரி முழுக்க ஒரே நாளில் மருந்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருந்தால் நல்லது, 2-க்குக் கீழே போனால் பல மீன்கள் தாங்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, முடிந்தவரை கையால் அரித்தெடுங்கள். அப்புறம், பாசி எதனால் வந்தது என்றும் பாருங்கள். பெரும்பாலும் மேட்டு நிலத்திலிருந்து மழையோடு வழிந்து வரும் உரம்தான். கரையைச் சுற்றிச் சில அடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டால் அதில் ஒரு பங்கு தடுக்கப்படும்.

தூண்டில்காரர்கள் அறுந்த நரம்பை அங்கேயே போட்டால் பறவைக் கால்களில் சிக்கும். ஈயக்குண்டைக் கூழாங்கல் என்று விழுங்கும் வாத்துக்கு அதுவே விஷம். ஏரிக்குள் சாய்ந்து கிடக்கும் பட்டமரத்தையோ, அழகில்லை என்று இழுத்துப் போட்டுவிடுகிறார்கள்! மீன் ஒதுங்குவதே அதன் அடியில்தான்.